கீழ் ஊற்றுக்கு நான் இறங்கவில்லை

எனக்கு எழுபத்தாறு வயது. வேதியியல் படித்தவன். ஐம்பது வயதில் கொல்லிமலையில் ஒரு பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அங்கே அப்போது ஒரு பாக்சைட் சுரங்கம் நடந்துகொண்டிருந்தது. சுரங்கத்துக்கு மேலே ஓர் ஊற்று, கீழே ஓர் ஊற்று. இரண்டிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்துச் சொல்வது என் வேலை. நான் இரண்டு புட்டிகளையும் மேல் ஊற்றிலேயே நிரப்பினேன். ஒன்றின் மேல் 'கீழ் ஊற்று' என்று எழுதி ஒட்டினேன். இரண்டு தண்ணீரும் குடிக்க உகந்தவை என்று சான்று கொடுத்தேன்.

இதற்காக யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. ஆடி மாதம், விடாத சாரல், பாதை முழுக்க அட்டை. கீழ் ஊற்றுக்கு இறங்கி ஏற இரண்டு மணி நேரம் ஆகும். சுரங்க மேலாளர் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

சில ஆண்டுகளில் சுரங்கத்தைக் கைவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. நானும் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன். போன புரட்டாசியில் தாம்பரத்தில் மகள் வீட்டில் உட்கார்ந்து நாளிதழ் படித்தபோது ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. கைவிடப்பட்ட சுரங்கத்தை மலைக் கிராமத்தார் தாங்களே கூடிச் சுத்தம் செய்கிறார்கள் என்றது செய்தி. கடைசி வரி இது: 'சுரங்கத்துக்குக் கீழே உள்ள ஊற்று நீர் தூய்மையானது என்று முன்பே சான்றளிக்கப்பட்டுள்ளது.' மறுநாள் கிளம்பினேன். மகளிடம் ஒரு பழைய வேலை பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

முதல் நாள். காரவள்ளியில் மலையேறும் பேருந்து முன்பு போலவே நிரம்பி வழிந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. என் நிறம் மாறுவதைப் பார்த்த நடத்துநர் ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு பெண்மணியை எழுப்பி என்னை உட்கார வைத்தார். "நாப்பத்தி மூணு தாண்டீட்டா பயமில்லீங்க. வாந்தி எடுக்கறவங்க எல்லாம் அதுக்குள்ள எடுத்துருவாங்க" என்றார். நான் முப்பத்தெட்டிலேயே எடுத்துவிட்டேன். எழுந்து இடம் கொடுத்த பெண்மணி மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "மோந்துக்கிட்டே வாங்க. தின்னுபுடாதீங்க, அது எங்கூட்டு ஊறுகாய்க்கு."

ஐம்பத்தொன்றாவது வளைவில் வண்டி புகைந்தது. எல்லாரும் இறங்கினோம். ஓட்டுநர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார். தாம்பரத்தில் இப்படி நடந்தால் கால் மணி நேரத்தில் சண்டை வந்திருக்கும். இங்கே எல்லாரும் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து மலைவாழைப் பழம் உரித்தார்கள். எனக்கு இரண்டு கிடைத்தன. வண்டி கிளம்ப ஒரு மணி நேரமானது. அதற்குள் நான் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், முட்டி வலிக்கு என்ன மருந்து என்பதெல்லாம் வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. எதற்காக வருகிறேன் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

தேவனூர் நாட்டுக்குள் (மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்) ஆட்டோ பிடித்து ஊர்க்கவுண்டர் நல்லுசாமியைப் போய்ப் பார்த்தேன். ஊர்க்கூட்டத்தை நடத்துகிறவர் அவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, அந்தப் பேப்பர் குடுத்த ஐயாங்களா? உங்க கையெழுத்தச் சட்டம் போட்டுக் கோயில்ல மாட்டி வெச்சிருக்கறமுங்க!"

வாய் திறக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை. நான்கு பேர் கூடிவிட்டார்கள். "முட்டி மடங்காத ஆளு, கட்டலு இருக்கற ஊடாப் பாக்கோணும்" என்று பேசி, என்னைக் கீழ்வளவில் ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். கீழ்வளவு என்றால் கீழ் ஊற்றை நம்பி இருக்கும் சிறிய குடியிருப்பு. வீட்டில் இரண்டே பேர். பூங்கொடி என்ற நாற்பது வயதுப் பெண், அவருடைய மாமியார் வெள்ளையம்மாள். பூங்கொடியின் கணவர் நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறார்.

பொழுது சாயும் நேரத்தில் தேநீர் வந்தது. மை போலக் கறுத்திருந்தது. பிறகு சோறு. ரேஷன் அரிசிதான், ஆனால் பழுப்பு ஏறி, ஓரம் கறுத்திருந்தது. அவரைக்கொட்டைக் குழம்பின் ருசி அபாரம். சோற்றில் ஆணியைக் கடித்த மாதிரி ஒரு வாடை.

வெள்ளையம்மாள் தட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பாருங்க சாமி, இருவது வருசமா இதே சோறுதான். சட்டிய மாத்தியாச்சு, அரிசிய மாத்தியாச்சு. மாத்தாதது இவளத்தான். இவ கையி பட்டா வெள்ளச் சோறும் கருவாடாப் போயிருது."

"உங்க பையன மாத்துனாலும் சரியாப் போயிருமுங்க அத்த" என்றார் பூங்கொடி அடுப்படியிலிருந்து.

"கேட்டீங்களா வாய?"

இரும்பும் மாங்கனீசும் மிகுந்த தண்ணீரில் சோறு பழுக்கும், தேயிலை மையாகும். முதலாண்டு மாணவனுக்கும் இது தெரியும். நான் அந்தச் சோற்றைத் தின்றேன். மறு சோறும் வாங்கிக்கொண்டேன். எதுவும் சொல்லவில்லை. பொய்யின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டது அது இரண்டாவது முறை.

இரண்டாம் நாள். தப்பட்டை அடித்து வேலைக்கு அழைத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்பது கணக்கு. ஆண் வராவிட்டால் பெண், இருவரும் முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் கைமாற்று. பூங்கொடியோடு நானும் போனேன்.

அந்த இடத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் பார்த்தபோது ஜீப்புகள் ஓடிய மேடு, இப்போது பெரிய குழி. அதில் செந்தண்ணீர் ஒரு குளம் போலத் தேங்கி நின்றது. சுற்றிலும் கொட்டிவிட்டுப் போன கழிவு மண்மேடுகள். அந்த மேடுகளின் அடியில் கல் அடுக்கி வரப்புக் கட்டி, சரிவில் வெட்டிவேர் நட்டிருந்தார்கள். வயலுக்குள் இறங்கிய வண்டலைக் கூடை கூடையாக அள்ளி மேலே ஏற்றியிருந்தார்கள். துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய்களைத் தோண்டி எடுத்து ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். இரண்டு வருட வேலை. எவ்வளவு பெரிய அரசாங்கத் திட்டத்திலும் இவ்வளவு நேர்த்தியான ஒரு கல் வரப்பை நான் கண்டதில்லை.

ஒன்றுதான் விளங்கவில்லை. நுழைவில் முப்பது நாற்பது ஜோடி ரப்பர் பூட்ஸ் வரிசையாக நின்றன. ஒரு ஜோடியில் மிளகுக் கொடி நட்டிருந்தார்கள். எல்லாரும் அந்தச் செஞ்சேற்றில் வெறுங்காலோடு நின்றார்கள்.

ஊர்க்கவுண்டர் காரணம் சொன்னார். கீழிருந்து வந்த லாரிகள் குழியில் குப்பை கொட்டப் பார்த்திருக்கின்றன. தடுக்க வழியில்லாமல் குழிக்கரையில் காவல் சாமிக்கு ஒரு கல் நட்டு, பொங்கல் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு ஒரு லாரியும் வரவில்லை. "ஆனா சாமி வந்துட்டாருங்களா, அப்பறம் செருப்புப் போட்டுக்கிட்டு எப்படிங்க நிக்கறது? பூட்ஸ் குடுத்த தொண்டு நிறுவனத்துக்காரங்க வந்து கத்தீட்டுப் போனாங்க. நாங்க என்னங்க பண்றது, முந்தி வந்தது சாமி, பிந்தி வந்தது பூட்ஸ்."

பலருடைய பாதங்கள் வெடித்துப் புண்ணாகி இருந்தன. "சாமிக்கல்லை அந்த மேட்டுக்கு மாற்றினால் குழி சாமியின் எல்லைக்கு வெளியே போய்விடுமே" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

என்னைச் சும்மா உட்காரவிடவில்லை. கல் கைமாற்றும் வரிசையில் இரண்டு பெண்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். "பேனா புடிச்ச கையி, சின்னக் கல்லாக் குடுங்கடி" என்று மேலிருந்து ஒரு குரல். "சின்னக் கல்லு தீந்துபோச்சு, ஐயாவுக்குப் பூட்ஸக் குடுத்து அனுப்பு" என்று இன்னொரு குரல். சிரிப்பு குழியைச் சுற்றி வந்தது.

மதியம் கேழ்வரகுக் களி தின்னும்போது ஊர்க்கவுண்டர் விஷயத்துக்கு வந்தார். ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழியும். அந்தத் தண்ணீர் இத்தனை நாள் கிழக்கு வயல்களுக்குள் புகுந்து பயிரைக் கெடுத்தது. அதைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வேண்டும். இரண்டு வழிகள். ஒன்று, கீழ் ஊற்றை ஒட்டிய ஓடைக்குள் இறக்கிவிடுவது. பத்து நாள் வேலை. இன்னொன்று, பாறையைச் சுற்றிப் பழைய கல் உடைக்கும் மைதானத்துக்குக் கொண்டுபோய், மூன்று குழிகளில் தேக்கி, வண்டல் படிய விடுவது. நாற்பது நாளுக்குக் குறையாது. ஜனங்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். சாமை அறுப்பு வேறு வருகிறது.

"சொரங்கம் ஓடறப்பவே கீழூத்துக்கு ஒண்ணும் ஆவலைன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கறீங்க. அப்ப ஓடைத் தண்ணி ஊத்துக்குள்ள எறங்கறதில்லைன்னுதானுங்க அர்த்தம்? நாளைக்குச் சபையில அத நீங்களே ஒரு வார்த்த சொல்லிப்போட்டா முடிஞ்சுதுங்க. சாமியே உங்களக் கொண்டாந்து உட்டிருக்குது."

சாயங்காலம் பூங்கொடி குடத்தோடு கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். கழியை ஊன்றி, உட்கார்ந்து உட்கார்ந்து, இருபத்தாறு வருடம் தாமதமாகக் கீழ் ஊற்றுக்கு இறங்கினேன். ஊற்று விழும் கற்கள் முழுக்கத் துரு நிறத்தில் வழவழப்பு. தண்ணீரின் மேல் எண்ணெய் போல ஓர் ஆடை. கொண்டுபோன புட்டியில் நிரப்பிக்கொண்டேன்.

"நான் கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து இப்படித்தானுங்க" என்றார் பூங்கொடி. "ஒருக்கா தண்ணியிலதான் கோளாறுன்னு சொன்னேன். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி உங்க பேப்பரக் காட்டுனாங்க. படிச்சவரு சுத்தம்னு எழுதியிருக்கறாரு, அப்பறம் உங்கையிலதான் குத்தம்னு சொல்லீட்டாங்க." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "இப்ப நீங்களே தின்னுட்டீங்க. சொல்லுங்க, எங்கையிலதானுங்களா?"

"நாளைக்குச் சபையில் சொல்கிறேன்" என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு முறை சொல்வதற்கே எனக்குத் தெம்பு இருந்தது. அதை எல்லார் முன்னாலும் செலவழிக்க நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த உண்மையை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

மூன்றாம் நாள். கோயில் முன்னால் நூற்றுக்கு மேல் கூடியிருந்தார்கள். சட்டம் போட்ட சான்றிதழைக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் வைத்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலி. அதற்கு ஒரு சாமந்தி மாலை, எனக்கு ஒன்று. என் ஆங்கிலத்தை நானே படித்துப் பார்த்தேன். பிழையில்லாத ஆங்கிலம்.

எழுந்து மாலையைக் கழற்றினேன். ஒரு கடுக்காய் அரைத்துத் தரச் சொன்னேன். மலையில் கடுக்காய்க்கா பஞ்சம்? வெள்ளையம்மாளே ஒரு கல்லில் இழைத்துக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் மேல் ஊற்று நீர், ஒன்றில் கீழ் ஊற்று நீர். இரண்டிலும் கடுக்காய் விழுதைக் கரைத்தேன். மேல் ஊற்று நீர் லேசாக மஞ்சளித்தது. கீழ் ஊற்று நீர் எல்லார் கண் முன்னாலும் கருநீல மையானது.

"இது இரும்பு. கூட வேறென்ன இருக்கிறது என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். ஓடையில் விட்டால் இன்னும் சேரும். இந்தப் பேப்பர் பொய். நான் கீழ் ஊற்றுக்கு இறங்கவே இல்லை. அட்டைக்குப் பயந்து, சோறு ஆறிவிடும் என்று, மேல் ஊற்றுத் தண்ணீரையே இரண்டு புட்டியிலும் பிடித்தேன்" என்றேன். வேறு வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எங்க கொழந்தைங்க குடிச்ச தண்ணிங்க அது. சோறு ஆறிப்போவும்னா? உங்களுக்குச் சோறு ஆறிப்போவும்னா?" அதே கேள்வியை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "ஆமாம்" என்றேன்.

அந்த ஊரில் தப்புச் செய்தவர் சபையில் விழுந்து கும்பிட வேண்டும். யாரும் சொல்லாமலே நான் விழுந்தேன். வேண்டாம் என்று ஒருவரும் தடுக்கவில்லை, அதுவே சரி. ஆனால் எழ முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. கடைசியில் பூங்கொடி வந்து கை கொடுத்தார். என்னை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"இவருக்கு என்ன தீர்ப்பு வேணும்னாலும் சொல்லுங்க. அதுக்கு முந்தி எங்க மாமியா ஒரு வார்த்த சொல்லோணும்."

எல்லாத் தலைகளும் வெள்ளையம்மாள் பக்கம் திரும்பின. அவர் டம்ளரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். "என்னத்தடி சொல்லச் சொல்ற? கையி சுத்தந்தான்" என்றார். பிறகு பொறுக்க மாட்டாமல், "உப்பு மட்டும் இன்னைக்கும் தூக்கல்தான்" என்றார். சபை சிரித்தது. பூங்கொடி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். என்னோடு அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. மூன்று வேளையும் சோறு போட்டார், அவ்வளவுதான்.

வாய்க்காலுக்கு நீண்ட வழி என்று முடிவானது. எனக்கும் தீர்ப்பு வந்தது. ஆய்வக முடிவு வந்ததும் அதையும் சேர்த்து, பழைய பேப்பர் பொய் என்று தமிழில் எழுத வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது. அந்தத் தண்ணீர் பாய்கிற ஐந்து குடியிருப்புகளுக்கும் நானே போய், நின்றபடி, சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

கார்த்திகையில் இரண்டாம் முறை மலையேறினேன். இந்த முறை பேருந்து வரவே இல்லை. மரவள்ளிக் கிழங்கு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மினி லாரியில், காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து போனேன். வாந்தி வரவில்லை. காற்று போதும் போலிருக்கிறது.

முடிவு என் பையில் இருந்தது. கீழ் ஊற்று நீரில் இரும்பு, மாங்கனீசு, அலுமினியம் மூன்றும் அளவுக்கு மேல். குடிக்க உகந்ததல்ல. அது சோற்றைக் கறுக்க வைத்தது மட்டும்தானா, உடம்புகளில் என்ன செய்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று இன்னொரு முறை எழுத மாட்டேன். மருத்துவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்துக்கு என் பெயரிலேயே எழுதியிருக்கிறேன். இதுவரை ஒரு முறை வந்துபோயிருக்கிறார்கள்.

ஊர் எனக்காகக் காத்திருக்கவில்லை. கீழ் ஊற்றைச் சுற்றி முள் அடைத்திருந்தார்கள். மேல் ஊற்றிலிருந்து கீழ்வளவுக்குக் குழாய் இறங்கியிருந்தது. பாறையைச் சுற்றி வாய்க்கால் மைதானத்துக்கு வந்துவிட்டது. முதல் தேக்கக் குழியில் செந்தண்ணீர் நின்றது, அதிலிருந்து வழிந்த தண்ணீர் ஏற்கெனவே வெளிறியிருந்தது. அப்புறம், எல்லார் காலிலும் பூட்ஸ். சாமிக்கல் மேட்டில் இருந்தது. "பூசாரி கனாவுல வந்து எடம் மாத்தச் சொன்னாருங்க, சாமியே" என்றார் ஊர்க்கவுண்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு நாட்களில் ஐந்து இடங்களில் படித்தேன். முதல் இடத்தில் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தேன். இரண்டாவதில் ஒரு கிழவர் நடுவில் எழுந்து போய்விட்டார். மூன்றாவதில் கேட்டுவிட்டு மோர் கொடுத்தார்கள். நான்காவதில் தாளை என் கையிலிருந்து வாங்கி, பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். ஐந்தாவது இடத்தில் டீக்கடை முன்னால் இருபது பேர் இருந்தார்கள். படித்து முடித்தேன். மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? இப்படி எறங்காமக் கொள்ளாம வேற எங்கெங்க கையெழுத்துப் போட்டீங்க?"

அந்தக் கேள்வியை என் மனைவி கேட்டதில்லை, மகள் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"இன்னும் ஓர் இடம்" என்றேன். "ஏற்காட்டுப் பக்கம். ஒரு சின்னக் கல் குவாரி. ஒரு கிணறு."

அவர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பின்னால காலியாத்தான் இருக்குதுங்க. இங்கியே உக்காந்து எழுதுங்க."

ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். எழுதினேன். ஊர்ப் பெயர், குவாரி, கிணறு, என்ன செய்தேன் என்பது, என் பெயர், கையெழுத்து. முடித்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"படிங்க" என்றார். "நின்னு படிங்க."

எழுந்து நின்று படித்தேன்.